எந்த ஔவை, எந்தப் பாலசந்தர்?

ஒரே பெயரில் புகழ்பெற்றவர்களைப் பற்றிய சந்தேகங்களைக் கேட்கச் சொல்லியிருந்தேன். வந்தவற்றில் ஆறுக்கு இங்கே பதில்.

கேள்வி: அதியமானிடம் நெல்லிக்கனி வாங்கிய ஔவையார்தான் ஆத்திசூடியும் எழுதினாரா என்று நாலாம் வகுப்புப் படிக்கும் என் மகள் கேட்கிறாள். என்ன சொல்ல?

பதில்: இல்லை என்றே சொல்லுங்கள். நெல்லிக்கனிக்காக அதியமான் நெடுமான் அஞ்சியை வாழ்த்தியவர் (புறநானூறு 91) சங்கப் புலவர். அவர் பெயரில் சங்கத் தொகைகளில் 59 பாடல்கள் இருக்கின்றன. ஆத்திசூடி, கொன்றைவேந்தன், மூதுரை, நல்வழி எல்லாம் பல நூற்றாண்டு கழித்து வந்த இன்னொருவருடையவை.

சாட்சிக்கு வெளியே போக வேண்டாம், நல்வழியைத் திறந்தாலே போதும். பாலும் தேனும் பாகும் பருப்பும் படைத்துவிட்டு, "சங்கத் தமிழ் மூன்றும் தா" என்று பிள்ளையாரிடம் கேட்கிறார். சங்கப் புலவரே சங்கத் தமிழைக் கேட்டு வாங்குவாரா? கடைசிப் பாட்டில் "மூவர் தமிழும்" திருவாசகமும் வருகின்றன. தேவார மூவருக்கும் மாணிக்கவாசகருக்கும் பிறகுதான் அதை எழுதியிருக்க முடியும்.

மகளிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். சங்க ஔவை அதியமானுக்காகத் தொண்டைமான் என்ற அரசனிடம் தூது போனவர். அவன் ஆயுதச்சாலையைப் பார்த்துவிட்டு, "இவை மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசிக் காவலுள்ள மாளிகையில் இருக்கின்றன; எங்கள் அரசனுடையவையோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன" என்ற பொருளில் பாடினார் (புறநானூறு 95). புகழ்வதுபோல் பழிக்கும் இந்தக் குறும்பை விட்டுவிட்டு, தடியூன்றிய பாட்டியின் படத்தை மட்டும் பாடப்புத்தகத்தில் போடுவதில் எனக்கு வருத்தம் உண்டு.

கேள்வி: அப்படியானால் விநாயகர் அகவல்?

பதில்: அது யோகநெறி பேசும் நூல், சங்க ஔவையுடையது அன்று. ஆத்திசூடி பாடியவரே அதையும் பாடினாரா, மூன்றாவது ஔவை ஒருவரா என்பதில் அறிஞர்களுக்குள் இழுபறி இருக்கிறது.

கேள்வி: 'அந்த நாள்' இயக்குநர் கே. பாலசந்தர் என்று விநாடி வினாவில் சொன்னேன். மதிப்பெண் தரவில்லை. நியாயமா?

பதில்: நியாயம்தான். 1954-இல் வந்த அந்தப் படத்தை இயக்கியவர் எஸ். பாலசந்தர், அதாவது வீணை வித்வான் பாலசந்தர். ஒரு பாட்டுகூட இல்லாத தமிழ்ப் படத்தை எடுத்தவர் சங்கீதக்காரர் என்றால் யாருக்குத்தான் நம்பத் தோன்றும்! கே. பாலசந்தர் இயக்கிய முதல் படம் 1965-இல்தான் வந்தது. இனிஷியலை விழுங்கினால் மதிப்பெண்ணும் போகும்.

கேள்வி: கணித மேதை ராமானுஜனை 'ஸ்ரீனிவாசா' என்று அழைத்திருப்பார்களா?

பதில்: திரும்பிப் பார்ப்பவர் அவருடைய அப்பாவாக இருந்திருப்பார். ஸ்ரீனிவாசன் என்பது கும்பகோணத்துத் துணிக்கடையில் கணக்கெழுதிய தந்தையின் பெயர். 1913-இல் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில் மகன் போட்ட கையெழுத்து எஸ். ராமானுஜன். இனிஷியலை விரித்து முதற்பெயராக்கியது உலக வழக்கம். சி.பி. ராமானுஜம் (1938–1974) என்று இன்னொரு கணித அறிஞரும் உண்டு. 'ம்' ஒன்றுதான் காப்பாற்றுகிறது. குறுந்தொகையை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோன கவிஞர் ஏ.கே. ராமானுஜன் வேறு.

கேள்வி: 'எப்படிப் பாடினரோ' பாரதியார் பாடல்தானே?

பதில்: பாரதியார் பாடல்தான், ஆனால் சுத்தானந்த பாரதியார். 'பாரதி' குடும்பப் பெயர் அன்று, கல்விக்குத் தரும் பட்டம். எட்டயபுரத்துச் சுப்பிரமணியம் பிறக்கும் முன்பே நந்தனார் சரித்திரம் பாடிய கோபாலகிருஷ்ணரும் பாரதிதான். மூவரும் உறவினர் அல்லர். அடுத்த கச்சேரியில் 'பாரதியார் கிருதி' என்று அறிவித்தால் எந்தப் பாரதி என்று கேளுங்கள். பக்கத்து நாற்காலிக்காரர் முறைத்தால் நான் பொறுப்பல்ல.

கேள்வி: திரையுலகில் எத்தனை ஜானகி?

பதில்: எனக்கு உடனே நினைவுக்கு வருபவர்கள் மூவர். எஸ். ஜானகி பாடகி. வி.என். ஜானகி நடிகை, 1988 ஜனவரியில் 24 நாள் முதலமைச்சர். சௌகார் ஜானகியின் 'சௌகார்' ஊரும் இல்லை, தந்தை பெயரும் இல்லை. அவர் 1950-இல் நடித்த தெலுங்குப் படத்தின் பெயர்.