மின்னஞ்சலே நாள் முழுவதையும் எடுத்துக்கொள்கிறது, எப்படிக் கட்டுப்படுத்துவது?

ஜிமெயில் வைத்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்.

முதலில் போன். ஜிமெயில் செயலியின் செட்டிங்ஸில் உங்கள் கணக்கைத் தொட்டு, நோட்டிஃபிகேஷனை 'ஹை ப்ரையாரிட்டி ஒன்லி' என்று மாற்றுங்கள். முழுக்க அணைத்தால், முக்கியமான மெயில் ஏதும் வந்திருக்குமோ என்று பலர் முன்பைவிட அடிக்கடி திறந்து பார்க்கிறார்கள்.

நிஜமான பலன், வரும் மெயிலைத் தானாகவே பிரித்து ஒதுக்கும் ஃபில்டரில்தான். கணினி பிரவுசரில் செய்யுங்கள். தேடல் பெட்டியின் வலது ஓரக் குறியை அழுத்தி, 'ஹேஸ் த வேர்ட்ஸ்' கட்டத்தில் 'அன்சப்ஸ்கிரைப்' (விலகு) என்ற சொல்லை ஆங்கில எழுத்தில் இடுங்கள். 'கிரியேட் ஃபில்டர்' கொடுத்து, 'ஸ்கிப் தி இன்பாக்ஸ்' டிக் செய்து, 'பிறகு' என்றொரு லேபிளும் வையுங்கள். விளம்பரங்களும் செய்திமடல்களும் அங்கே ஒதுங்கிவிடும்.

இங்கே ஒரு சிக்கல். வங்கி மெயில்கள் சிலவற்றின் அடியிலும் அதே சொல் இருக்கும். கிரெடிட் கார்டு பில் கண்ணில் படாமல் போனால் தாமதக் கட்டணம் கட்ட வேண்டிவரும். ஆகவே 'டஸன்ட் ஹேவ்' கட்டத்தில் வங்கியின் பெயரைச் சேருங்கள். முதல் வாரம் அந்த லேபிளை தினமும் ஒருமுறை திறந்து சரிபாருங்கள்.

வேண்டாத செய்திமடலிலிருந்து விலக, அனுப்புநர் பெயருக்குப் பக்கத்தில் ஜிமெயில் காட்டும் 'அன்சப்ஸ்கிரைப்' பொத்தானே போதும். ஸ்பாமில் கிடக்கும் மெயிலுக்குள் இருக்கும் விலகல் லிங்கை மட்டும் தொடாதீர்கள்; உங்கள் முகவரி புழக்கத்தில் இருப்பதை அது அனுப்பியவர்களுக்குக் காட்டிக்கொடுக்கும்.

இதையெல்லாம் செய்துவிட்டு, மெயிலைக் காலை 11, மாலை 4 என இரண்டு வேளை பார்த்தால் பெரும்பாலான வேலைகளுக்குப் போதும். அவசரமென்றால் போன் செய்யச் சொல்லி உடன் வேலை செய்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.