திருச்செந்தூரிலிருந்து உவரிக்கு மூன்று நாள் கடற்கரை நடை: கேள்வி பதில்

ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தூரம். முதல் இரவு குலசேகரன்பட்டினம் (குலசை), இரண்டாம் இரவு பெரியதாழை, மூன்றாம் நாள் உவரி. ஆட்களைக் கூட்டிப் போய்வருகிறவன் என்பதால் என்னிடம் வந்த கேள்விகளுக்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன்.

எந்த மாதம் வரலாம்? (அம்பாசமுத்திரத்து அண்ணாச்சி)

ஜனவரி, பிப்ரவரி நல்லது அண்ணாச்சி. வாடைக் காற்று முதுகில் இதமாக அடிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலம், வேண்டாம். குலசை தசராவின்போது அறையே கிடைக்காது.

இரண்டாவது நாளே முட்டி வலி வந்துவிடும் என்கிறார்களே? (பாளையங்கோட்டை அக்கா)

வரும் அக்கா, தப்பான மணலில் நடந்தால். காய்ந்த மணலில் கால் புதையும். அலை நக்கிவிட்டுப் போன ஈர மணலில் நடங்கள். காலை ஊன்றியதும் பாதத்தைச் சுற்றி மணல் ஒரு கணம் வெளுத்துக் காய்ந்ததுபோல் தெரியும், பாருங்கள். அதுதான் இறுகிய மணல். ஆனால் கரை கடலைப் பார்த்துச் சரிந்திருப்பதால் ஒரு கால் எப்போதும் பள்ளத்தில் இருக்கும். அதனாலும் வலி வரும். அரை மணிக்கு ஒருமுறை மேலேறி, சமமான இடத்தில் கொஞ்ச தூரம் நடந்துவிட்டு இறங்குங்கள். விடியுமுன் கிளம்பி பத்து மணிக்குள் நிறுத்திவிடுவோம். புதுச் செருப்பு மட்டும் வேண்டாம்.

முழுக்கக் கரையோரமாகவே போய்விடலாமா? (தென்காசித் தம்பி)

முடியாது தம்பி. குலசையைத் தாண்டி வரும் மணப்பாட்டுக்குத் தெற்கே இஸ்ரோ ஏவுதளத்துக்கான இடம் இருக்கிறது. 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். அந்தப் பகுதியைச் சாலை வழியாகக் கடப்பதாகவே திட்டமிடுங்கள். அதற்கு முன்னால் மணப்பாட்டில் இரண்டு மணி நேரமாவது உட்காருங்கள். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மணற்குன்று, அதன்மேல் திருச்சிலுவைக் கோயில், கீழே பாறைக்குகை. 1542இல் இந்தக் கரைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் தங்கியதாகச் சொல்லும் குகை அது. நான் எத்தனை தடவை போனாலும் அங்கிருந்து எழுந்துவர மனசு வராது.

கடலில் குளிக்கலாமா? (நாங்குநேரியிலிருந்து)

ஊர்க்காரர்கள் குளிக்கும் இடத்தில் மட்டும், அதுவும் அவர்களிடம் கேட்டுக்கொண்டு. இங்கே கடல் தினமும் ஏறி இறங்கும் ஏற்றவற்றம் ஒரு மீட்டருக்குள்தான், அதற்குப் பயமில்லை. பயப்பட வேண்டியது கள்ளக்கடல். எங்கோ தெற்கே இந்தியப் பெருங்கடலில் அடித்த புயலின் அலை, சில நாள் கழித்து இங்கே வந்து சேரும். வானம் தெளிவாக இருக்கும், காற்றும் இருக்காது, திடீரென்று தண்ணீர் கரையேறும். ஏப்ரல், மே மாதங்களில் அதிகம். எச்சரிக்கை வந்த நாளில் நடையையே தள்ளிவைப்பேன். முன்பணத்தைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

மீனவர் ஊர்களில் எப்படி நடந்துகொள்வது? (வள்ளியூர் அக்கா)

இதைக் கேட்டதற்கு நன்றி அக்கா. கரை அவர்களுக்கு வேலை செய்யும் இடம். விரித்து உலரும் வலையை மிதிக்காமல் சுற்றிப் போங்கள். ஒரு கண்ணி அறுந்தாலும் உட்கார்ந்து முடிவது அவர்கள்தான். வள்ளம் கரையேறும்போது குறுக்கே நின்று படம் எடுக்காதீர்கள். கூப்பிட்டால் வடத்தில் ஒரு கை கொடுங்கள். போன முறை அப்படிக் கை கொடுத்த எங்களுக்கு ஒரு பாட்டி சாளை மீன் குழம்பு ஊற்றிச் சோறு போட்டார்.