டோபா எரிமலை வெடித்தபோது மனித இனமே அழியும் நிலைக்குப் போனது என்கிறார்களே, உண்மையா?

வெடிப்பு உண்மை, அது பிரம்மாண்டமானது என்பதும் உண்மை. ஆனால் 'உலகம் முழுவதும் சில ஆயிரம் பேர்தான் மிஞ்சினார்கள்' என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் கதையை இன்று கிடைத்திருக்கும் சான்றுகளை வைத்து ஏற்பது கடினம்.

இந்தோனேசியாவின் வடக்கு சுமத்ராவில் சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் நடந்தது இது. வெளியே வந்த பாறைக் குழம்பு ஏறக்குறைய 2,800 கன கிலோமீட்டர் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. அடியில் இருந்தது காலியானதும் மேல்தரை உள்ளே சரிந்தது. அந்தப் பள்ளம்தான் இன்றைய டோபா ஏரி: நீளம் 100 கிலோமீட்டர், அகலம் 30. ஏரிக்கரை ஊரான பரபட்டிலிருந்து ஏரிக்குள் இருக்கும் சமோசிர் தீவுக்குப் படகில் போனபோது, எரிமலை வாயின் மேல் மிதக்கிறோம் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை, அவ்வளவு பெரியது. அந்தத் தீவே ஒரு காலத்தில் ஏரியின் அடித்தரை. கீழிருந்து மீண்டும் அழுத்தம் ஏறியதில் மேலெழும்பிவிட்டது. ஏரிக்கடியில் படிந்த மண் இப்போது தீவின் மேட்டில் கிடக்கிறது.

இவ்வளவு பெரிய வெடிப்பு உலகையே குளிர வைக்கும். அந்தக் குளிருக்குக் காரணம் சாம்பல் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். சாம்பல் வெகு சீக்கிரம் கீழே விழுந்துவிடும். கந்தக டை ஆக்சைடுதான் வில்லன். அது வானில் மிக உயரத்தில் இருக்கும் அடுக்கு மண்டலத்தில் கந்தக அமிலத் துளிகளாக மாறி, சில ஆண்டுகள் சூரிய ஒளியை மறிக்கும். 1991இல் பிலிப்பைன்ஸின் பினாட்டுபோ வெடித்தபோது, டோபாவோடு ஒப்பிட்டால் பொறி அளவுகூட இல்லாத அது, உலகச் சராசரி வெப்பநிலையை ஏறக்குறைய அரை டிகிரி குறைத்தது. டோபாவுக்குக் கணினி மாதிரிகள் தரும் விடை சில டிகிரியில் தொடங்கி பத்துக்கு மேலும் போகிறது. எவ்வளவு கந்தகம் மேலே போனது என்று எடுத்துக்கொள்கிறோமோ, அதைப் பொறுத்தது விடை.

இந்தக் குளிரையும், மனித மரபணுக்களில் வேறுபாடு குறைவாக இருப்பதையும் முடிச்சுப் போட்டவர் அமெரிக்க மானுடவியலாளர் ஸ்டான்லி ஆம்ப்ரோஸ், ஆண்டு 1998. குளிரில் மக்கள்தொகை சரிந்ததால்தான் வேறுபாடு குறைந்தது என்பது அவர் வாதம். நல்ல ஊகம்தான். மண்ணைத் தோண்டியபோதுதான் சிக்கல் வந்தது.

ஆந்திராவின் ஜுவாலாபுரத்தில் டோபா சாம்பல் சில இடங்களில் இரண்டரை மீட்டர் கனத்துக்கு வெள்ளையாகப் படிந்திருக்கிறது. வானிலிருந்து நேரே விழுந்தது அதில் சில சென்டிமீட்டர்தான். மிச்சம் சுற்றுமேடுகளிலிருந்து மழை அடித்துக்கொண்டுவந்தது. தொல்லியலாளர் மைக்கேல் பெட்ராக்லியாவின் குழு 2007இல் வெளியிட்ட முடிவு: சாம்பலுக்குக் கீழேயும் கல் கருவிகள், மேலேயும் அதே வகைக் கருவிகள். எலும்பு கிடைக்காததால், அவற்றைச் செய்தவர்கள் நம் இனமா வேறு மனித இனமா என்ற சண்டை ஓயவில்லை. யாராக இருந்தாலும், கூண்டோடு அழிந்துவிடவில்லை. மத்தியப் பிரதேசத்தில் சோன் ஆற்றங்கரையின் தாபாவிலும், சுமார் 80,000 முதல் 65,000 ஆண்டுகளுக்கு முன்பு வரை, கருவிகள் இடையறாமல் கிடைக்கின்றன.

அதற்காக இந்தியாவில் ஒன்றும் ஆகவில்லை என்று சொல்ல மாட்டேன். மத்திய இந்தியாவில் வெடிப்புக்குப் பின் காடு குறைந்து புல்வெளி பெருகியதை மகரந்தத் தூள்கள் காட்டுகின்றன என்று ஓர் ஆய்வு உண்டு. சுமத்ராவிலேயே, நெருப்புக் குழம்பும் சாம்பலும் பாய்ந்த வட்டாரத்தில், எதுவும் தப்பியிருக்க வழியில்லை.

ஆப்பிரிக்காவின் கதை வேறு. மலாவி ஏரியின் அடிமண்ணில் டோபா சாம்பலின் நுண்ணிய கண்ணாடித் துகள்கள் இருக்கின்றன. பெருங்குளிருக்கான தடயம் இல்லை. தென்னாப்பிரிக்காவின் பினக்கிள் பாயின்ட்டில் அதே துகள்கள் விழுந்த காலத்திலும் மனிதர்கள் தொடர்ந்து வாழ்ந்திருக்கிறார்கள். எத்தியோப்பியாவின் ஷின்ஃபா ஆற்றங்கரை பற்றி 2024இல் வந்த ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. அங்கே வறட்சி கூடியிருக்கிறது, அதைத் தீக்கோழி முட்டையோடுகள் காட்டிக்கொடுக்கின்றன. ஆறு வற்றிக் குட்டைகளாகிவிட்டால் மீன் பிடிப்பது எளிது அல்லவா? அவர்கள் உணவில் மீனின் பங்கு கூடியிருக்கிறது.

மரபணு வேறுபாடு குறைந்ததற்கு எரிமலை கட்டாயமில்லை. ஆப்பிரிக்காவிலிருந்து சிறு சிறு குழுக்களாகப் பிரிந்து வெளியேறியிருந்தாலே போதும். ஒவ்வொரு பிரிவிலும் கொஞ்சம் வேறுபாடு பின்தங்கிவிடும்.