பழைய ஃபோர்க்லிஃப்டுக்கு எந்த வாரண்டி?

வணக்கம் நண்பரே. கஞ்சிக்கோட்டில் உள்ள உங்கள் கிடங்குக்குக் கோவையில் 3 டன் டீசல் வண்டி ஒன்றைப் பார்த்திருக்கிறீர்கள். இஞ்சின், கியர்பாக்ஸுக்கு மட்டும் ஓராண்டா, பளுவைத் தூக்கும் எண்ணெய் அழுத்த அமைப்பான ஹைட்ராலிக்கையும் சேர்த்து மூன்று மாதமா என்று கேட்கிறீர்கள். நானாக இருந்தால் மூன்று மாதத்தையே எடுப்பேன். பழைய வண்டியில் காசைக் கரைப்பது பெரும்பாலும் மாஸ்ட் (பளுவை ஏற்றி இறக்கும் செங்குத்துச் சட்டம்) பக்கம்தான்: சிலிண்டர் சீல், ஹோஸ், பம்ப்.

முன்பணம் கொடுக்குமுன் பளுவைத் தூக்கி நிறுத்தி, இஞ்சினை அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் தள்ளி நின்று பாருங்கள். (அடியில் யாரையும் விடாதீர்கள்.) ஃபோர்க் (பளுவைத் தாங்கும் இரும்புக் கரம்) கண்ணுக்குத் தெரிய இறங்கினால் எண்ணெய் உள்ளே கசிகிறது, அதைச் சரிசெய்த பிறகே பேரம். ஃபோர்க்கின் வளைவுப் பகுதியில் கனம் 10 சதவீதம் தேய்ந்திருந்தால் மாற்றியே ஆக வேண்டும். தேய்மானப் பொருள் என்று சொல்லி அதைப் பொதுவாக வாரண்டியில் சேர்க்கமாட்டார்கள். டயரும் பிரேக்கும் அப்படியே.

தாளில் மாதத்தோடு, வண்டி ஓடும் மணிக்கணக்குக்கும் வரம்பு இருக்கிறதா என்று பாருங்கள். 500 மணி நேரம் என்று போட்டிருந்தால், இரண்டு ஷிப்ட் ஓட்டும் உங்களுக்கு மூன்று மாதம் என்பது வெறும் பேச்சு. கையெழுத்திடும் அன்று மீட்டர் காட்டும் எண்ணையும் எழுதச் சொல்லுங்கள். மெக்கானிக் கேரள எல்லையான வாளையாறு தாண்டி வந்துபோகும் செலவு யாருடையது என்பதும் எழுத்தில் வேண்டும். விற்பவர் மறுத்தால், அந்தச் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள்.