டெக்சாஸ்ல யுனிவர்சிட்டி சேரப்போறேன், ஜூன்ல நடக்குற ஓரியண்டேஷனுக்குப் போயே ஆகணுமா?

கண்டிப்பா போங்க, அதுவும் முதல்ல வர்ற தேதியையே பிடிங்க. கேம்பஸை சுத்திக் காட்டி ஒரு டி-ஷர்ட் குடுத்து அனுப்புவாங்கனு நெனச்சு நெறைய பேர் கடைசி பேட்ச்சுக்கு தள்ளிப் போடுறாங்க, ஆனா அங்க நடக்குற பெரிய வேலையே முதல் செமஸ்டருக்கு கோர்ஸ் எடுக்குறதுதான், லேட்டா போனா நல்ல டைமிங் எல்லாம் போயிடும், காலைல 8 மணி கிளாஸும் சாயங்கால லேபும்தான் மிச்சம் இருக்கும்.

நான் பத்தாவது வரைக்கும் கோயம்புத்தூர்ல படிச்சு, அப்பா வேலை மாறினதால டெக்சாஸ் வந்தவ. ஒரு ஸ்டேட் யுனிவர்சிட்டில சேர்ந்தேன், நானும் அம்மாவும் போனோம். ரெண்டு நாள், நான் டார்ம்ல, அதாவது யுனிவர்சிட்டி ஹாஸ்டல்ல, அம்மா பக்கத்து ஹோட்டல்ல.

ரெண்டாவது நாள் கம்ப்யூட்டர் லேப்ல உக்கார வெச்சாங்க. லாகின் பண்ணா ரெஜிஸ்டர் பண்ண முடியாதுனு வருது. மெனிஞ்சைடிஸ்ங்கிற மூளையுறை அழற்சிக்குப் போடுற தடுப்பூசியோட பேப்பர் அவங்க சிஸ்டத்துல ஏறல, இங்க 22 வயசுக்கு கீழ சேர்றவங்களுக்கு அது சட்டப்படி வேணும், கிளாஸ் ஆரம்பிக்கிறதுக்கு 10 நாள் முன்னாடியாவது போட்டிருக்கணும். ஊசி போட்டாச்சு, பேப்பரும் பையில இருந்துச்சு, ஹெல்த் சென்டருக்கு ஓடிப் போய் காட்டிட்டு திரும்பி வர்றதுக்குள்ள நான் நெனச்சு வெச்சிருந்த கால்குலஸ் செக்‌ஷன்ல 3 சீட்தான் இருந்துச்சு, ரெஃப்ரெஷ் பண்ணா 1, இன்னொரு தடவை பண்ணா 0. அழுகையே வந்துருச்சு. அங்க உதவிக்கு நின்ன செகண்ட் இயர் அக்கா என் சேர் பக்கத்துல முட்டி போட்டு உக்காந்து, வேற மூணு செக்‌ஷன் தேடி, கெமிஸ்ட்ரி லேபை வெள்ளிக்கிழமைக்கு மாத்தி, மொத்த டைம்டேபிளையும் என்கூட சேர்ந்து திரும்ப அடுக்கினாங்க. அவங்களை இன்னிக்கும் மறக்கல. அதனால பேப்பர் எல்லாம் மே மாசமே அப்லோட் பண்ணிடுங்க, எடுக்க நெனைக்கிற கோர்ஸ் ஒவ்வொண்ணுக்கும் மாத்து செக்‌ஷன் ரெண்டு எழுதி வெச்சுக்குங்க.

அட்வைசர்கிட்ட கிரெடிட் கணக்கை, அதாவது ஒவ்வொரு கோர்ஸுக்கும் இருக்குற மதிப்பெண் அளவை, நல்லா கேட்டுக்குங்க. செமஸ்டருக்கு 12 கிரெடிட் எடுத்தாலே ஃபுல் டைம்தான், ஆனா டிகிரிக்கு 120 வேணும்னா நாலு வருஷத்துல முடிக்க செமஸ்டருக்கு 15 வரும். அதுக்காக கண்டதையும் எடுத்துட்டு பாதில விடலாம்னு நெனைக்காதீங்க, டெக்சாஸ் அரசு யுனிவர்சிட்டிகள்ல டிகிரி முடியுற வரைக்கும் மொத்தமே 6 கோர்ஸ்தான் டிராப் பண்ணலாம், செமஸ்டர்ல 12 கிளாஸ் நாள் தாண்டி விட்டா அது கணக்குல வந்துரும். அமெரிக்க வரலாறும் அரசியலும் தலா 6 கிரெடிட் எல்லாரும் படிச்சே ஆகணும், நீங்க எடுத்தது இன்ஜினியரிங்கா இருந்தாலும்.

பேரண்ட்ஸுக்கு தனி செஷன் இருக்கு. அம்மா டைரியில எல்லாத்தையும் தமிழ்ல எழுதிட்டே வந்திருக்காங்க. 1974ல வந்த ஒரு சட்டப்படி, காலேஜ் சேர்ந்துட்டா மார்க் விவரம் பிள்ளைக்குத்தான் சொந்தம், பொதுவா நாம எழுதிக் குடுக்காம அப்பா அம்மாவுக்குக் காட்ட மாட்டாங்க. சாயங்காலம் கார்ல ஏறினதும் அம்மா கேட்டாங்க, "கண்ணு, நீயா எனக்கு சொல்லுவியல்ல?" எனக்கு தொண்டை அடைச்சிருச்சு. வீடு வந்து சேர்றதுக்குள்ள போன்லயே அந்த அனுமதி ஃபார்மைத் திறந்து அம்மா பேரை சேர்த்துட்டேன்.

இங்கிலீஷ் சரியா வராதே, அங்க வந்து என்ன பண்ணப் போறாங்கனு அப்பா அம்மாவை வீட்டுல விட்டுட்டுப் போகாதீங்க. பேரண்டுக்கு தனி ஃபீஸ் இருக்கலாம், அதையும் கட்டி கூட்டிட்டுப் போங்க, ஃபீஸ், டார்ம், இன்சூரன்ஸ்னு அவங்க மனசுல இருக்குற கேள்விக்கு எல்லாம் நேர்ல பதில் சொல்ல ஆள் இருக்குறது அந்த ரெண்டு நாள்தான்.