பிடி கத்தரி: கடிதம்

அன்புள்ள ஐயா,

அப்பா அரை ஏக்கரில் கத்தரி போட்டிருக்கிறார். காய்ப்புழுவுக்கு வாரம் இரண்டு முறை மருந்தடிக்கிறார். வீட்டுக்கென்று மருந்தடிக்காத நாலு செடி தனியாக நிற்கிறது. பிடி (Bt) என்ற மண் பாக்டீரியாவின் மரபணுவைச் சேர்த்து, புழுவைக் கொல்லும்படி செய்த பிடி கத்தரி பங்களாதேஷில் 2014 முதல் விளைகிறது. இங்கே மட்டும் ஏன் கூடாது? மருந்தில் நனைந்த காயைவிட அது மோசமா?

ம., ஓமலூர்

அன்புள்ள ம.,

சாப்பிடுகிறவர் பக்கம் நின்று பார்த்தால் உங்கள் கேள்வி நியாயமானது. அந்த நாலு செடியே சந்தைக் காயின் நிலைமையைச் சொல்லிவிடுகிறது. அந்த மரபணுவால் செடியில் உண்டாகும் பிடி புரதம் புழுவின் காரத்தன்மையுள்ள குடலில் ஒட்டிக்கொண்டு அதைத் துளைக்கிறது. நம் குடலில் அது ஒட்டிக்கொள்ள இடமில்லை. அதே பாக்டீரியாவை இயற்கை விவசாயிகளும் தெளிக்கிறார்கள். அதனால் 'தின்றால் விஷம்' என்ற வாதத்தை நான் ஏற்பதில்லை. ஆனால் 2010 பிப்ரவரியில் அப்போதைய மத்திய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் பிடி கத்தரியை நிறுத்திவைத்தபோது கேட்ட நீண்டகால, சுயேச்சையான சோதனை நியாயமானது. விதை விற்கிறவரே சோதித்துச் சொன்னால் போதாது.

என் பெரிய கவலை புழுவைப் பற்றியது. பிடி பருத்தி 2002-இல் வந்தது. 450 கிராம் பிடி விதையோடு 120 கிராம் சாதாரண விதையும் தனிப் பொட்டலமாகக் கொடுத்தார்கள். அதை வயலோரம் விதைத்தால், அங்கே வளரும் புழுக்கள் அந்துப்பூச்சியாகி, பிடிக்குத் தப்பியவற்றோடு இணைசேர்ந்து, எதிர்ப்புத்திறன் பரவுவது தள்ளிப்போகும். புழுவுக்குத் தீனி போட யார் நிலம் ஒதுக்குவார்கள்? பலர் அந்தப் பொட்டலத்தை விதைக்கவே இல்லை. இளஞ்சிவப்புக் காய்ப்புழு முதலில் ஒற்றை மரபணு ரகத்தை வென்றது, அப்புறம் 2006-இல் வந்த இரண்டு மரபணு ரகத்தையும் வென்றது. இப்போது பிடி விதையும் வாங்கி, மருந்தும் அடிக்கிறார்கள்.

அந்தப் புழுவுக்குப் பருத்தியை விட்டால் பெரிதாக வேறு தீனி இல்லை. கத்தரிப் புழுவும் ஏறக்குறைய அப்படித்தான். கத்தரியோ வருடம் முழுக்க ஏதாவது ஒரு தோட்டத்தில் நிற்கிறது. பிடி கத்தரியில் இருப்பதும் ஒரே மரபணு. பங்களாதேஷிலும் ஓரவரிசையில் சாதாரணச் செடி வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். அரை ஏக்கரில் அதை விட்டுக்கொடுக்க உங்கள் அப்பாவுக்கு எப்படி மனசு வரும்? அந்த நஷ்டத்தை அரசோ விதை நிறுவனமோ ஈடுகட்ட வேண்டும். அப்படி ஓர் ஏற்பாடு வரும்வரை விதையை அனுமதிக்கச் சொல்ல மாட்டேன்.

இப்போதைக்கு, வாடித் தொங்கும் குருத்துகளை வாராவாரம் கிள்ளி எரிக்கச் சொல்லுங்கள், புழு அதற்குள்தான் இருக்கும். ஆண் அந்துப்பூச்சிகளை மணத்தால் இழுத்துப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறி வையுங்கள். பிடுங்கிய பழைய செடிகளைத் தோட்டத்தோரம் குவிக்க வேண்டாம். மருந்தடித்தே தீரவேண்டும் என்றால், எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்று லேபிளில் போட்டிருப்பார்கள். அதுவரை காயைப் பறிக்க வேண்டாம்.