அரக்கோணம் ரயிலுக்கும் பத்து வயது மகளுக்கும் ஏற்ற கையடக்க வீடியோ கேம் எது?

கேள்வி: அரக்கோணத்திலிருந்து சென்னைக்குத் தினமும் மின்சார ரயிலில் வேலைக்குப் போய் வருகிறேன். போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். சிறுவயதில் பிரிக் கேமைக் கையில் வைத்துக்கொண்டு கட்டை அடுக்கிய ஆள் நான். நாற்பது வயதில் மறுபடியும் ஒரு கையடக்க வீடியோ கேம் வாங்க ஆசை வந்திருக்கிறது. பத்து வயது மகளும் என்னோடு சேர்ந்து விளையாட வேண்டும். அலுவலக நண்பர் கணினி விளையாட்டுகள் ஓடும் ஸ்டீம் டெக் வாங்கு என்கிறார். கடைக்காரர் நின்டெண்டோ நிறுவனத்தின் ஸ்விட்ச் 2 என்கிறார். ஆயிரக்கணக்கான பழைய கேம்களை ஏற்றிய சின்னக் கருவி குறைந்த விலைக்குக் கிடைக்கிறது, அதுவே போதும் என்கிறான் தம்பி. கையில் இருக்கிற போன் போதாதா என்கிறார் மனைவி. யார் சொல்வதைக் கேட்பது, எந்தெந்த விளையாட்டுகளை வாங்குவது? செகண்ட் ஹேண்டில் வாங்கலாமா?
— வாசகர், அரக்கோணம்

பதில்: அன்புள்ள வாசகருக்கு, உங்களுக்கு யோசனை சொன்னவர்கள் எல்லோரும் அவரவர் விளையாடும் இடத்தை மனத்தில் வைத்துக்கொண்டுதான் சொல்லியிருக்கிறார்கள். கையடக்கக் கருவியைப் பற்றி யார் பரிந்துரைத்தாலும், அவர் எங்கே உட்கார்ந்து விளையாடுகிறார், ஒரு தடவை எடுத்தால் எவ்வளவு நேரம் விளையாடுகிறார், பாதியில் கீழே வைக்க வேண்டிய அவசியம் அவருக்கு வருகிறதா என்று கேட்டுவிட்டு அப்புறம் அந்தக் கருத்தை எடைபோடுங்கள். சோபாவில் இரவு மூன்று மணி நேரம் உட்காருகிறவருக்கு உயிராக இருக்கும் ஒரு விளையாட்டு, திருவள்ளூரில் கூட்டம் ஏறியதும் எழுந்து இடம்விட வேண்டிய உங்களுக்கு எரிச்சலையே தரலாம். உங்கள் கடிதத்தைப் படித்த வரையில் என் பரிந்துரை, நின்டெண்டோ ஸ்விட்சின் முதல் தலைமுறையில் கைப்பிடிகள் கழன்று வரும் சாதாரண மாடலோ, 2021-இல் இன்னும் தெளிவான திரையோடு வந்த ஓஎல்இடி மாடலோதான்.

ரயிலை வைத்து நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நின்டெண்டோவில் பொறியாளராக இருந்த குன்பெய் யோகோய், புல்லட் ரயிலில் பயணி ஒருவர் பொழுதுபோகாமல் கால்குலேட்டரின் பட்டன்களைத் தட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துத்தான் சட்டைப்பையில் அடங்கும் விளையாட்டுக் கருவியை யோசித்தார் என்று சொல்வார்கள். 1980-இல் வந்த கேம் அண்டு வாட்ச் வரிசை அப்படிப் பிறந்தது. இன்று பெரும்பாலான கன்சோல்களில், அதாவது வீடியோ கேம் கருவிகளில், இடது கட்டைவிரலுக்கு அடியில் இருக்கும் சிலுவை வடிவப் பட்டனும் 1982-இல் அந்த வரிசையில் வந்த டாங்கி காங் கருவியில்தான் முதலில் இடம்பெற்றது. 1989-இல் அவர் குழு கொண்டுவந்த கேம் பாயின் திரையில் வண்ணமும் இல்லை, பின்விளக்கும் இல்லை. ஆனால் நான்கு பென்டார்ச் பேட்டரியில் பத்துப் பதினைந்து மணி நேரம் ஓடியது. அடுத்த ஆண்டே சேகா நிறுவனம் வண்ணத்திரையோடு கொண்டுவந்த கேம் கியர், ஆறு பேட்டரிகளை மூன்றிலிருந்து ஐந்து மணி நேரத்துக்குள் தின்று தீர்த்தது. பார்க்க அழகாக இருந்த கருவி பின்தங்க, வெளியே எடுத்துப்போக முடிந்த கருவி ஜெயித்தது. கடைக்காரர் திரையின் துல்லியத்தையும் சிப்பின் வேகத்தையும் அடுக்கும்போது நீங்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பேட்டரிக்கு அடுத்தபடியாக நான் பார்ப்பது, கருவியை எவ்வளவு சுலபமாகக் கீழே வைக்க முடிகிறது என்பதை. கேம் பாய் காலத்தில் சுவிட்சை அணைத்தால் ஆட்டம் போய்விடும். போகிமான் போன்ற விளையாட்டுகள் ஆடியதைச் சேமித்து வைக்க, விளையாட்டு அடங்கிய கேட்ரிட்ஜுக்குள்ளேயே நாணயம் அளவுக்கு ஒரு சிறிய பேட்டரி இருக்கும். பல ஆண்டுகள் கழித்து அது தீர்ந்துபோனால் சேமித்ததெல்லாம் அதோடு போய்விடும். ஸ்விட்சிலோ மேலே இருக்கும் பவர் பட்டனை ஒரு தடவை தட்டினால் ஆட்டம் அப்படியே உறங்கிவிடும். மாலையில் திரும்பத் தட்டும்போது, காலையில் எந்தப் பாலத்தின் மேல் நின்றுகொண்டிருந்தீர்களோ அதே பாலத்தின் மேல் நிற்பீர்கள். ஸ்டீம் டெக்கும் இதை நன்றாகவே செய்கிறது. விண்டோஸில் இயங்கும் கையடக்கக் கணினிகளில் இந்த உறக்கம் அவ்வளவு நம்பகமானதல்ல; பையில் வைத்த கருவி தானே விழித்துக்கொண்டு சூடாகி, வீடு திரும்பும்போது சார்ஜ் இல்லாமல் கிடப்பது அவற்றை வைத்திருப்பவர்கள் பலரும் சொல்லும் குறை.

உங்கள் நண்பர் சொல்லும் ஸ்டீம் டெக் அருமையான கருவி என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஏற்கெனவே ஸ்டீம் என்ற கணினி விளையாட்டுகளுக்கான இணையக் கடையில் கணக்கு வைத்து, தள்ளுபடிக் காலங்களில் விளையாட்டுகளை வாங்கிச் சேர்த்திருப்பவருக்கு அதைவிடச் சிறந்தது இல்லை, ஏனென்றால் அவர் புதிதாக ஒன்றும் வாங்காமலேயே தன் சேமிப்பு முழுவதையும் கையில் எடுத்துக்கொண்டு போகலாம். ஆனால் உங்களிடம் அப்படி ஒரு சேமிப்பு இருப்பதாகக் கடிதத்தில் இல்லை. தவிர, ஓஎல்இடி ஸ்டீம் டெக்கின் எடை 640 கிராம். ஸ்விட்ச் ஓஎல்இடி கைப்பிடிகளோடு சேர்த்து ஏறக்குறைய 420 கிராம். கடையில் இரண்டு நிமிடம் தூக்கிப் பார்க்கும்போது இந்த வித்தியாசம் தெரியாது. ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, உட்கார இடம் கிடைத்ததும் முழங்கையை ஒடுக்கிக்கொண்டு விளையாடும் உங்களுக்குத் தெரியும். பத்து வயதுப் பிள்ளையின் மணிக்கட்டுக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

2025 ஜூனில் வந்த ஸ்விட்ச் 2-இன் திரை 7.9 அங்குலம், பழைய ஸ்விட்சின் விளையாட்டுகளில் பெரும்பாலானவை அதிலும் ஓடும். ஆனால் எடையும் விலையும் கூடிவிட்டன, பேட்டரி நேரம் குறைந்துவிட்டது: ஓஎல்இடி மாடலுக்கு நாலரை முதல் ஒன்பது மணி நேரம் என்று குறிப்பிடும் நிறுவனமே ஸ்விட்ச் 2-க்கு இரண்டு முதல் ஆறரை மணி நேரம் என்கிறது. நான் கீழே சொல்லப்போகும் விளையாட்டுகள் எல்லாமே முதல் ஸ்விட்சில் ஓடுபவை என்பதால் அந்தக் கூடுதல் பணத்தை நீங்கள் இப்போது கொடுக்க வேண்டியதில்லை. ஸ்விட்ச் லைட் என்று ஒன்றும் உண்டு. 275 கிராம்தான், ரயிலுக்கு அதைவிடப் பொருத்தமானது கிடையாது. நீங்கள் தனியாக விளையாடுபவராக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அதையே சொல்லியிருப்பேன். அதன் கைப்பிடிகள் கழன்று வராது, டிவியிலும் இணைக்க முடியாது. மகளோடு சேர்ந்து விளையாட வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்களே, சாதாரண ஸ்விட்சின் இரண்டு கைப்பிடிகளையும் கழற்றி ஆளுக்கொன்றாக வைத்துக்கொண்டு, கருவியைச் சாப்பாட்டு மேசையில் நிறுத்தி அப்படியே விளையாட ஆரம்பித்துவிடலாம்.

தம்பி சொல்லும் சின்னக் கருவிகளில் சில நேர்த்தியாகச் செய்யப்பட்டவை. ஆனால் அவற்றோடு வரும் மெமரி கார்டில் அடைத்திருக்கும் விளையாட்டுகள் பெரும்பாலும் உரிமம் இல்லாமல் நகலெடுத்தவை, அந்த மெமரி கார்டும் சீக்கிரம் பழுதாகிற மட்டரகமாகவே பெரும்பாலும் இருக்கிறது. உங்கள் பிரிக் கேமின் மேலும் 9999 கேம்கள் என்று அச்சிட்டிருப்பார்கள். வேகத்தையும் மட்டத்தையும் மாற்றி மாற்றி எண்ணிய கணக்கு அது, நீங்கள் உண்மையில் ஆடியது கட்டை அடுக்கும் ஒன்றைத்தான். ஆயிரம் தலைப்புகளை வரிசையாக உருட்டிப் பார்ப்பதிலேயே ரயில் சென்ட்ரலை எட்டிவிடும்.

மனைவி கேட்பது நியாயமான கேள்வி. போனிலும் காசு கொடுத்து வாங்கும் நல்ல விளையாட்டுகள் இருக்கின்றன. ஆனால் அங்கே கட்டைவிரல்களே திரையில் பாதியை மறைக்கின்றன. விரலுக்குத் தட்டுப்படும் பட்டன் இல்லாததால் கண் எப்போதும் விரலைத் தேடிக்கொண்டே இருக்கிறது. ஆட்டம் சூடுபிடிக்கும் நேரத்தில் அலுவலக வாட்ஸ்ஆப் குழு மணியடிக்கிறது. இலவசம் என்று வருபவற்றில் பெரும்பாலானவை விளம்பரம் காட்டவோ, உள்ளே காசு கேட்கவோ செய்யப்பட்டவை. பத்து வயதுப் பெண்ணின் கையில் அவற்றைக் கொடுக்க எனக்கு மனமில்லை.

இனி விளையாட்டுகள். உங்கள் பிரிக் கேமின் தாய், 1984-இல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் உருவாக்கிய டெட்ரிஸ். அதை ஸ்விட்சில் தேடினால் டெட்ரிஸ் 99 முதலில் கண்ணில் படும். அதற்கு இணைய இணைப்பு வேண்டும், ரயிலுக்கு ஆகாது. டெட்ரிஸ் எஃபெக்ட் வாங்குங்கள். நீங்கள் திருப்பும் ஒவ்வொரு கட்டைக்கும் இசை பதில் சொல்லும். காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஆடினால் விரல்கள் பழைய பழக்கத்தைத் தாமே கண்டுபிடித்துக்கொள்ளும்.

ரயிலுக்கென்றே செய்தது போன்ற இன்னொன்று இன்டு தி பிரீச். சதுரங்கப் பலகையைப் போல எட்டுக்கு எட்டுக் கட்டங்கள், உங்கள் பக்கம் மூன்று இயந்திர வீரர்கள். எதிரி அடுத்து எந்தக் கட்டத்தைத் தாக்கப்போகிறான் என்பதை விளையாட்டு முன்கூட்டியே காட்டிவிடும். அதிர்ஷ்டத்தின் மேல் பழி போட வழியே இல்லை. எதிரிப் பூச்சி ஒன்று உங்கள் கட்டடத்தைக் குறிவைத்து நிற்கிறது என்று வையுங்கள். அதைக் கொல்ல வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பக்கத்துக் கட்டத்துக்கு ஒரு தள்ளு தள்ளிவிட்டால் அதன் அடி அதன் கூட்டாளி மேலேயே விழும். இந்த ஒரு நகர்வைக் கண்டுபிடிக்க ஆவடியிலிருந்து பெரம்பூர் வரை யோசிக்கலாம், யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள். ஒரு சண்டை நான்கைந்து சுற்றுகளில் முடிந்துவிடும். கையடக்கக் கருவிகளில் எனக்கு மிகவும் பிடித்த விளையாட்டுகளில் ஒன்று இது, தயங்காமல் சொல்கிறேன்.

நிதானமாக ஒன்று வேண்டுமானால் ஸ்டார்டியூ வேலி. எரிக் பரோன் என்ற ஒரே மனிதர் படம், இசை, நிரல் எல்லாவற்றையும் தாமே செய்து 2016-இல் வெளியிட்டார். பாழாய்க் கிடக்கும் நிலத்தைத் திருத்தி, விதைத்து, ஊர்க்காரர்களோடு பழகி வாழும் விளையாட்டு. அதில் ஒரு நாள் நம் கணக்கில் ஏறக்குறைய பதினான்கு நிமிடம். ஒரு பயணத்தில் ஐந்தாறு நாள் விவசாயம் பார்த்துவிடலாம். பெரிய விளையாட்டு ஒன்றுக்கும் இடம் வேண்டும் என்றால் செல்டா வரிசையில் 2017-இல் வந்த பிரெத் ஆஃப் தி வைல்டு. நூறு மணி நேரம் கேட்கும் விளையாட்டை ஏன் ரயிலுக்குச் சொல்கிறேன் என்றால், அந்தப் பரந்த நிலமெங்கும் 120 சிறு ஆலயங்கள் இருக்கின்றன, பெரும்பாலானவை பத்துப் பதினைந்து நிமிடத்தில் தீரும் தனிப் புதிர்கள்.

மகளோடு தொடங்க சூப்பர் மாரியோ பிரதர்ஸ் வொண்டர் நல்லது. அதில் யோஷி அல்லது நாபிட் என்ற பாத்திரத்தைத் தேர்ந்தெடுத்தால் எதிரிகள் மோதினாலும் அடிபடாது. பழக்கமில்லாத கை அப்பாவுக்குப் பின்தங்கி அழ வேண்டிய நிலை வராது. மாரியோ கார்ட் 8 டீலக்ஸிலும் வண்டி சாலையை விட்டு விலகாமல் பிடித்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. இரண்டு மாதத்தில் அதை அணைத்துவிடச் சொல்லி மகளே கேட்பாள்.

வெண்பா என்ற விளையாட்டையும் அவசியம் வாங்குங்கள். டொராண்டோவில் உள்ள விசை கேம்ஸ் 2023-இல் வெளியிட்ட இது, 1980களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பத்தின் கதை. வெண்பா என்ற தாய் தன் அம்மாவின் சமையல் குறிப்பேட்டை வைத்துச் சமைக்கிறாள்; ஏட்டில் வரிகள் அழிந்திருக்கின்றன. இட்லித் தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி எல்லாத் தட்டுக்கும் போகும், புட்டுக் குழலில் எதை முதலில் போடுவது என்று யோசித்து அழிந்த வரிகளை நாம் நிரப்ப வேண்டும். இங்கே உங்கள் மகளுக்கு மற்ற நாட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியாத விடைகள் முன்பே தெரிந்திருக்கும். 2024-இல் அறிமுக விளையாட்டுக்கான பிரிட்டனின் பாஃப்டா விருது பெற்றது. ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், அவ்வளவு சிறியதற்கு இந்த விலையா என்று சிலர் கேட்கிறார்கள். எனக்கு அந்த நீளம் சரியாகவே பட்டது. மனைவியையும் பக்கத்தில் உட்காரவைத்து விளையாடுங்கள்.

நேரக் கட்டுப்பாட்டுக்கு, நின்டெண்டோவின் பெற்றோர் கட்டுப்பாட்டுச் செயலி ஒன்று இலவசமாக உண்டு. போனிலிருந்தே மகளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு நேரம் என்று வரையறுத்துவிடலாம்.

வாங்கும் விஷயத்தில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். நின்டெண்டோ இந்தியாவில் நேரடியாக விற்பதில்லை. இங்கே கிடைப்பவை வெளிநாட்டிலிருந்து தருவித்து விற்பவை என்பதால் கடைக்காரர் எழுதிக் கொடுக்கும் உத்தரவாதமே உங்கள் உத்தரவாதம். அதை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். இணையக் கடைக்குக் கணக்குத் தொடங்கும்போது பலரும் வேறு நாட்டைத் தேர்ந்தெடுக்கிறார்கள், அங்கே நம் வங்கி அட்டை எப்போதும் செல்லுபடியாகும் என்று சொல்ல முடியாது. முடிந்தவரை கேட்ரிட்ஜாகவே வாங்குங்கள். ஏறக்குறைய எந்த நாட்டில் வாங்கிய கேட்ரிட்ஜும் ஸ்விட்சில் ஓடும். முடித்தபின் விற்கலாம், நண்பருக்குக் கொடுக்கலாம். குழந்தைகள் வாயில் போடாமலிருக்க அதில் கசப்புப் பூச்சு பூசியிருக்கிறார்கள், மகளிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

செகண்ட் ஹேண்டில் தாராளமாக வாங்கலாம், ஆனால் நேரில் பார்த்து வாங்க வேண்டும். இந்தக் கருவியின் பெயர்போன பலவீனம், கைப்பிடியில் கட்டைவிரலால் அசைக்கும் குச்சியைத் தொடாதபோதும் அது ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போவது. அமைப்புகள் பகுதியில் கன்ட்ரோலர்களுக்கான பக்கத்துக்குப் போய், குச்சிகளைச் சரிபார்க்கும் திரையைத் திறந்து, இரண்டையும் சுழற்றி விட்டுவிடுங்கள். புள்ளி நடுவுக்குத் திரும்பாமல் விலகி நின்றால், மாற்றுக் கைப்பிடியின் விலையைக் கழித்துப் பேரம் பேசுங்கள். ஒரு கேட்ரிட்ஜைப் போட்டுப் பாருங்கள், சார்ஜர் செருகும் இடம் ஆடுகிறதா என்று பாருங்கள். உங்கள் போனின் இணைய இணைப்பைக் கொடுத்து நின்டெண்டோவின் கடைப் பக்கம் திறக்கிறதா என்றும் சோதியுங்கள். திருட்டு நகல்களை ஓட்டியதற்காக நிறுவனம் தடைசெய்த கருவிகளும் சந்தையில் விற்பனைக்கு வருகின்றன, அவை எந்த ஊருக்குப் போனாலும் நின்டெண்டோவின் இணையச் சேவைகளில் இணையமாட்டா. அந்தப் பக்கம் திறக்காவிட்டால், விற்பவர் என்ன விலை குறைத்தாலும் வாங்காதீர்கள்.